யாருக்காக யார் காத்திருக்கிறார்?

கோபுரம் கட்ட எண்ணும் ஒருவர் முதலில் அமர்ந்து, அதை முடிப்பதற்குத் தேவையானவை தம்மிடம் உண்டா எனக் கணக்குப் பார்ப்பார் என்று நம் ஆண்டவர் உரைத்த உவமையை லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். அடித்தளத்தோடு வேலை நின்றுவிட்டால் காண்போர் ஏளனம் செய்வர் என்பதையும் அவர் சேர்த்தே சொன்னார். தம்மைப் பின்செல்வதன் விலையை உணர்த்தவே இயேசு இதனைக் கூறினார். ஆயினும் அவர் கையாண்ட உதாரணம் அன்றாட வாழ்விலிருந்து எடுக்கப்பட்டதே. வீடு கட்டுகிறவர்களும், பிள்ளைகளின் திருமணத்தை முன்னின்று நடத்துகிறவர்களும், பங்கில் திருவிழாப் பொறுப்பை ஏற்பவர்களும் அதைத் தமக்கே சொல்லப்பட்டதாகக் கொள்ளலாம்.

பணக் கணக்குப் போடுவதில் நம் குடும்பங்கள் பின்தங்கியவை அல்ல. மளிகைக் கடைப் பாக்கி முதல் வங்கிக் கடன் தவணை வரை நம் இல்லத்தரசியர் விரல் நுனியில் வைத்திருக்கின்றனர். காலத்தைக் கணக்கிடுவதில்தான் நாம் அளவுக்கு மீறித் தாராளம் காட்டுகிறோம். "மூன்று மாதத்தில் முடித்துவிடலாம்" என்று மேஸ்திரி சொல்கிறார். நாமும் தலையசைத்து விடுகிறோம். அந்த மூன்று மாதத்தில் எந்த வாரம் எது நடக்கும், எது முடிந்தால் எது தொடங்கும், யாருடைய வேலைக்காக யார் காத்திருப்பார் என்று எவரும் கேட்பதில்லை.

விளைவு என்ன? அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரங்களில் எந்தத் தெருவில் நடந்தாலும், கம்பிகள் வானை நோக்கி நிற்க, பூச்சு காணாத செங்கற் சுவர்களோடு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் மாடிகளைப் பார்க்கலாம். அவை எல்லாமே தொடக்கத்திலிருந்து பணமின்றி நின்றவை அல்ல. மழையில் சிக்கி, வேலையாட்கள் கலைந்து, வாங்கிய சிமென்ட் மூட்டையிலேயே இறுகி, அதன் பின்னரே பணமும் கரைந்து நின்றவை அவற்றுள் உண்டு. ஒருபுறம் வாடகை, மறுபுறம் கடன் வட்டி என இரு முனைகளில் எரியும் திரியாகக் குடும்பத்தின் நிம்மதி கரைகிறது. இதற்கு ஓரளவேனும் மருந்தாக அமையும் எளிய கருவி ஒன்றை இங்கே அறிமுகப்படுத்த விழைகிறோம். அதன் பெயர் கால வரைபடம்.

ஆலையில் அறிந்தது, வீட்டில் மறந்தது

நம் வட்டாரத்து மக்களுக்கு இக்கருவி முற்றிலும் புதியதன்று. தென்னிந்தியாவின் முதல் இரயில் 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது நம் ஆவடி வழியாகத்தான். ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா பீரங்கி வண்டி வெளிவந்தது 1965ஆம் ஆண்டில். அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலை 1949ஆம் ஆண்டிலேயே தோன்றியது. 1960களில் அங்கே தொழிற்பேட்டை எழுந்தபின், பெரிய ஆலைகளுக்கு உதிரிப் பாகங்கள் செய்து கொடுக்கும் சிறு பட்டறைகள் தெருவுக்குத் தெரு பெருகின. ஒரு பட்டறையில் கடைசல் வேலை முடிந்தால்தான் அடுத்த பட்டறையில் துளையிட முடியும். அது முடிந்தால்தான் முலாம் பூச முடியும். ஒருவர் இரண்டு நாள் தாமதித்தால், வரிசையில் நிற்கும் அனைவரும் தாமதிக்க நேரும்.

இரயிலில் சற்றுத் தொலைவு சென்றால் பெரம்பூர் இரயில் பெட்டித் தொழிற்சாலை. 1955ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கி வைக்கப்பட்ட அந்த ஆலையில்தான், தனி எஞ்சின் இல்லாமலே ஓடும் 16 பெட்டிகள் கொண்ட புதிய இரயில் உருவாயிற்று. 2018ஆம் ஆண்டில் பிறந்ததால் 'டிரெயின் 18' எனப் பெயர் பெற்ற அது, 2019 பிப்ரவரி 15ஆம் நாள் 'வந்தே பாரத்' என்ற பெயரில் புது டில்லியிலிருந்து வாரணாசிக்குப் புறப்பட்டது. சில ஆண்டுகள் பிடிக்கக்கூடிய அவ்வேலையைப் பதினெட்டே மாதங்களில் முடித்தனர் என்பது நம் பகுதிக்குப் பெருமை. இத்தகைய வேலையில் ஒன்று முடிந்தபின் ஒன்று என்று எல்லாவற்றையும் வரிசையில் நிறுத்தினால் காலம் போதாது. எவை உடனிணைந்து நடக்கலாம், எவை காத்திருந்தே தீர வேண்டும் என்று பிரித்தறிவதே முதற்பாடம்.

இத்தகைய ஆலைகளிலும் பட்டறைகளிலும் உழைத்து ஓய்வு பெற்றவர்கள் நம் பங்குகளில் ஏராளமாக இருக்கின்றனர். பணியிடத்துச் சுவரில் அன்றாடம் பார்த்த கால அட்டவணையைத் தம் வீட்டுச் சுவரில் ஒருமுறையேனும் ஒட்டியவர்கள் அவர்களுள் எத்தனை பேர்?

வரைபடம் வளர்ந்த வரலாறு

காலத்தைக் கோடாக வரைந்து காட்டும் எண்ணம் பழமையானது. இங்கிலாந்து நாட்டுச் சமய போதகரும் வேதியியல் அறிஞருமான ஜோசப் பிரீஸ்ட்லி, 1765ஆம் ஆண்டில் ஒரு பெரிய தாளில் ஏறத்தாழ 2,000 வரலாற்று மனிதர்களின் வாழ்நாட்களைச் சிறு கோடுகளாக வரைந்து வெளியிட்டார். யார் யாருக்கு முன், யார் யாரோடு ஒரே காலத்தில் வாழ்ந்தார் என்பதை அதில் ஒரே பார்வையில் அறியலாம்.

மனிதருக்குப் பதிலாக வேலைகளை அவ்வாறு வரையலாம் என்பதைப் போலந்து நாட்டுப் பொறியாளர் கரோல் அடாமியெட்ஸ்கி 1896ஆம் ஆண்டில் கண்டார். அவர் தம் முறையைப் பத்திரிகையில் விரிவாக வெளியிட்டதோ 1931ஆம் ஆண்டில்தான். அதுவும் போலந்து மொழியில். இதற்கிடையே அமெரிக்கப் பொறியாளர் ஹென்றி கேன்ட், 1910களில் தம் பட்டை வரைபடங்களைப் பரவலாக்கினார். முதல் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க நாட்டின் படைக்கல உற்பத்தியிலும் கப்பல் வேலையிலும் அவை பயன்பட்டன. எனவே உலகெங்கும் இன்று அதற்குக் 'கேன்ட் வரைபடம்' என்றே பெயர். பின்னர் 1957, 1958ஆம் ஆண்டுகளில், ஒன்றையொன்று சார்ந்த வேலைகளுள் எந்தச் சங்கிலி முழுத் திட்டத்தின் நீளத்தையும் முடிவு செய்கிறது எனக் கண்டுபிடிக்கும் முறைகள் அமெரிக்காவில் உருவாயின. இவ்விரண்டையும் சேர்த்தால் நமக்குத் தேவையான முழுக் கருவியும் கிடைத்துவிடுகிறது.

விவிலியத்தில் இரு வேலைத்தலங்கள்

கருவி புதியதாயினும் அதன் உள்ளடக்கமான விவேகம் திருநூலில் முன்பே உண்டு. சாலமோன் அரசர் கட்டிய ஆலயம் ஏழு ஆண்டுகளில் முடிந்ததாக அரசர்கள் முதல் நூல் கூறுகிறது. கற்கள் வெட்டப்பட்ட இடத்திலேயே செதுக்கி முடிக்கப்பட்டதால், கட்டுமான இடத்தில் சுத்தியலோசையே கேட்கவில்லை என்றும் அது குறிப்பிடுகிறது. ஆலயம் எழும் இடம் ஒன்று. கல் தயாராகும் இடம் வேறொன்று. ஒரே காலத்தில் இரு இடங்களிலும் பணி நடக்க இந்த ஏற்பாடு வழி செய்கிறது அன்றோ?

நெகேமியா எருசலேமின் மதிலை 52 நாட்களில் எழுப்பி முடித்தார். அவரது நூலின் மூன்றாம் அதிகாரத்தைப் பலர் பெயர்ப்பட்டியல் என்று எண்ணிப் புரட்டிவிடுகின்றனர். நிதானமாக வாசித்தால், எந்த வாயிலை யார் கட்டினார், அவருக்கு அடுத்த பகுதியை யார் பழுதுபார்த்தார் என்று வீடு வீடாக, குடும்பம் குடும்பமாகப் பிரித்துக் கொடுத்த வேலைப் பங்கீடு அது என்பது விளங்கும். தம் வீட்டிற்கு எதிரேயுள்ள மதிலைத் தாமே கட்டியவர்களும் அதில் உண்டு. பொறுப்பைப் பெயர் சொல்லிக் கொடுப்பதே இரண்டாவது பாடம்.

நம் திருவள்ளுவரும் காலமறிதலுக்கென ஓர் அதிகாரமும், வினைசெயல்வகைக்கென மற்றோர் அதிகாரமும் வகுத்திருப்பதை இங்கே நினைவுகூரலாம்.

ஒரு குடும்பத்தின் 18 வாரங்கள்

இனிச் செயல்முறைக்கு வருவோம். உதாரணத்திற்கு ஆவடிப் பக்கம் ஒரு குடும்பத்தை எண்ணிக்கொள்வோம். மூத்த மகனுக்கு ஜனவரி இரண்டாம் வாரத்தில் திருமணம். அதற்குள் மாடியில் ஓர் அறை எழுப்பி, மணமக்களைக் குடியமர்த்த வேண்டும். மாநகராட்சி அனுமதியும் கடனும் முன்பே கிடைத்துவிட்டன. செப்டம்பர் முதல் தேதி வேலை தொடங்குவதாக எண்ணம். அன்றிலிருந்து ஜனவரி 4ஆம் தேதி வரை சரியாக 18 வாரங்கள்.

பெரிய சார்ட் அட்டை ஒன்று, அளவுகோல், பென்சில், இரண்டு வண்ணப் பென்சில்கள் ஆகியவை போதும். கட்டம் போட்ட கணக்கு நோட்டின் தாளும் ஆகும். கணினியிலும் கைப்பேசியிலும் இதனை வரைய வசதிகள் உண்டு. ஆனால் சுவரில் ஒட்டிய அட்டையைக் கொத்தனாரும் பார்க்கலாம், பாட்டியும் பார்க்கலாம் என்பது அதன் தனிச் சிறப்பு.

முதற்படி: செய்ய வேண்டிய வேலைகளை ஒவ்வொன்றாக எழுதுக. "மாடி கட்டுதல்" என்று ஒரே வரியில் எழுதினால் பயனில்லை. ஓர் ஆளோ ஒரு குழுவோ தொடங்கி முடிக்கக்கூடிய அளவிற்குப் பிரிக்க வேண்டும். முந்நூறு வரிகளாக நொறுக்கவும் வேண்டா. பத்துப் பன்னிரண்டு வரிகள் ஒரு வீட்டுக்குப் போதும்.

இரண்டாம் படி: ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை வாரம் எனக் கேட்டறிக. நம் விருப்பத்தை எழுதாமல், வேலை செய்பவரைக் கேட்டு எழுத வேண்டும்.

மூன்றாம் படி: ஒவ்வொரு வேலைக்கு எதிரிலும், "இது தொடங்க எது முடிந்திருக்க வேண்டும்?" என்ற வினாவிற்கு விடை எழுதுக. இதுவே இக்கலையின் உயிர்நாடி.

நான்காம் படி: அட்டையின் மேற்புறம் 1 முதல் 18 வரை வாரங்களைக் கட்டங்களாக வரைந்து, தேதியும் குறித்து, இடப்புறம் வேலைகளை மேலிருந்து கீழாக எழுதுக. பிறகு ஒவ்வொரு வேலைக்கும் அது தொடங்கும் வாரத்திலிருந்து முடியும் வாரம் வரை ஒரு பட்டை வரைக.

நம் உதாரணக் குடும்பத்தின் அட்டை இவ்வாறு அமையும்:

1. செங்கல், மணல், சிமென்ட், கம்பி இறக்குதல் – 1ஆம் வாரம்.
2. சுவர் எழுப்புதல் – 2 முதல் 4ஆம் வாரம் வரை.
3. சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி, தளம் போடுதல் – 5, 6ஆம் வாரங்கள்.
4. தளத்திற்கு நீராற்றல், முட்டுகள் நிற்கும் காலம் – 7, 8ஆம் வாரங்கள்.
5. சென்ட்ரிங் பிரித்து, மின்குழாயும் தண்ணீர்க் குழாயும் பதித்தல் – 9ஆம் வாரம்.
6. உட்சுவர்ப் பூச்சு – 10 முதல் 12ஆம் வாரம் வரை.
7. தரைக்கு டைல்ஸ் பதித்தல் – 13, 14ஆம் வாரங்கள்.
8. கதவு மாட்டுதல் – 15ஆம் வாரம்.
9. வண்ணம் பூசுதல் – 16, 17ஆம் வாரங்கள்.
10. தச்சர் தம் பட்டறையில் கதவுகள் செய்தல் – 2 முதல் 5ஆம் வாரம் வரை.

நிலையும் சன்னல் சட்டங்களும் ஆயத்தமாக வாங்கிச் சுவர் எழும்போதே வைக்கப்படுவதாகக் கொள்வோம். வெளிப்பூச்சு திருமணத்திற்குப் பின் என முடிவாகிவிட்டது. 18ஆம் வாரம் வெறுமையாக இருக்கிறது.

இதில் நான்காம் வரியைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். அந்த இரண்டு வாரங்களில் மேலே எவரும் வேலை செய்வதாகத் தோன்றாது; ஆகவே அதனை விட்டுவிடத் தோன்றும். ஆனால் கான்கிரீட் காற்றில் உலர்ந்து இறுகுவதில்லை; நீரோடு வினைபுரிந்தே வலிமை பெறுகிறது. தளத்தை வழக்கமாகக் குறைந்தது 7 நாட்களும், கலப்பு சிமென்டாயினும் வெப்பமான உலர்ந்த வானிலையாயினும் 10 நாட்களும் ஈரமாக வைத்திருக்க வேண்டும் என்பது இந்தியத் தர விதி. நாலரை மீட்டருக்கு மேல் அகலமுள்ள தளமெனில் முட்டுகள் 14 நாட்கள் நிற்க வேண்டும். காத்திருத்தலும் ஒரு வேலைதான். அதற்கும் ஒரு பட்டை உண்டு.

மழையும் திருநாட்களும்

ஐந்தாம் படி: நம் கையில் இல்லாதவற்றை அட்டையில் குறிக்க வேண்டும். நம் பகுதியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் வழக்கமான காலம் அக்டோபர் 20ஆம் தேதியை ஒட்டியது. நம் அட்டையில் அது 8ஆம் வாரம். அங்கிருந்து வலப்புறம் முழுவதும் நீல வண்ணத்தை மெல்லியதாகத் தீட்டுக. ஆகஸ்டு, செப்டம்பர் மாலைகளிலும் இடிமழை உண்டு. ஆனால் அது வந்து பெய்து போவது. வடகிழக்கு மழையோ நாட்கணக்கில் தங்குவது. 2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொணர்ந்த வெள்ளத்தையும் கண்ட சென்னைப் புறநகர் மக்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை.

அடுத்துத் திருநாட்கள். செப்டம்பர் 8ஆம் தேதி அன்னையின் பிறப்பு விழா. ஆகஸ்டு 29 கொடியேற்றம் தொடங்கி வேளாங்கண்ணிக்குக் காவியுடுத்தி நடந்து செல்லும் வழக்கமுள்ள குடும்பமெனில், லாரியிலிருந்து செங்கல் இறங்கும் முதல் வாரத்தில் வீட்டில் எண்ணிப் பார்த்து வாங்க ஆள் இராது. ஆயுத பூஜையன்று கருவிகளுக்கு ஓய்வு. தீபாவளிக்கு ஊர் செல்லும் தொழிலாளர் திரும்பி வர ஒரு வாரம் ஆகலாம். அது ஆண்டுதோறும் இடம் மாறுவதால் அவ்வாண்டு நாட்காட்டியைப் பார்த்துக் குறிக்க வேண்டும். நம் அட்டையில் அது 7 முதல் 11ஆம் வாரத்திற்குள் எங்கேனும் விழும். நீராற்றும் வாரங்களில் விழுந்தால் இழப்பே இல்லை. தளத்திற்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பை மட்டும் வீட்டுப் பிள்ளைகள் ஏற்றுக்கொள்ள வேண்டும். பூச்சு வேலையின் நடுவே விழுந்தால் ஒரு வாரம் போயிற்று. கிறிஸ்து பிறப்பு விழாவோ சரியாக வண்ணம் பூசும் 17ஆம் வாரத்தில் வருகிறது.

பிற சமயச் சகோதரரின் திருநாளை நம் அட்டையில் முன்கூட்டியே குறித்து வைப்பது, அன்று அவர் வரவில்லையே எனக் கடிந்துகொள்ளாதிருக்க நல்ல வழி.

அட்டை சொல்லும் மூன்று செய்திகள்

ஆறாம் படி: வரைந்து முடித்தபின் சற்றுத் தள்ளி நின்று அட்டையைப் படிக்க வேண்டும். அது மூன்று செய்திகளை நமக்குச் சொல்லும்.

முதலாவது, எந்தத் தாமதம் சுடும், எந்தத் தாமதம் சுடாது என்பது. தச்சரின் கதவு வேலை நான்கு வாரம். அது 15ஆம் வாரம் மாட்டப்பட்டால் போதும். 2ஆம் வாரம் தொடங்குவதாக எழுதியிருந்தாலும், 11ஆம் வாரம் தொடங்கினாலும் முடிந்துவிடும். அவருக்கு ஒன்பது வார இடைவெளி இருக்கிறது. "கதவு எங்கே, கதவு எங்கே" என்று செப்டம்பரில் அவரை நச்சரிப்பதால் யாருக்கும் பயனில்லை. ஆனால் சுவர் ஒரு வாரம் தாமதித்தால் தளம், நீராற்றல், குழாய், பூச்சு, டைல்ஸ், கதவு மாட்டுதல், வண்ணம் அனைத்தும் ஒரு வாரம் நகரும். 1 முதல் 9 வரையுள்ள வரிகள் ஒரே சங்கிலி. அவற்றைச் சிவப்புப் பென்சிலால் அடிக்கோடிடுக. கவனம் முழுவதும் அங்கேயே இருக்கட்டும்.

இரண்டாவது, உண்மையான கெடு எது என்பது. இக்குடும்பத்தார் தம் கெடு ஜனவரித் திருமணம் என்றே எண்ணியிருந்தனர். அட்டையோ வேறு சொல்கிறது. தளம் போடுவது 6ஆம் வார முடிவில், அதாவது அக்டோபர் 12ஐ ஒட்டி. மழை 8ஆம் வாரம். இடையே ஒரே ஒரு வாரம்! தளம் விழுந்துவிட்டால் கூரையின் கீழ் உள்வேலைகள் மழையிலும் ஓரளவு நடக்கும். தளம் போடுவது இரண்டு வாரம் தள்ளினால் அடைமழையின் நடுவே கம்பியும் சென்ட்ரிங் பலகையும் நனைந்து நிற்கும். ஆகவே இவ்வீட்டின் கெடு ஜனவரியில் இல்லை, அக்டோபரில் இருக்கிறது.

மூன்றாவது, திட்டம் நடக்கக்கூடியதா என்பது. உபரியாக இருப்பது 18ஆம் வாரம் ஒன்றே. தீபாவளிக்கு ஒரு வாரமும் கிறிஸ்து பிறப்புக்குச் சில நாட்களும் போனால் அது போதாது. விடை எளிது: செப்டம்பர் முதல் தேதிக்குப் பதிலாக ஆகஸ்டு நடுவில், விண்ணேற்பு அன்னையின் விழாவை அடுத்து, வேலையைத் தொடங்க வேண்டும். அப்போது தளம் செப்டம்பர் இறுதியிலேயே விழுந்துவிடும். வேளாங்கண்ணிப் பயணத்திற்கு முன்பே செங்கலும் இறங்கிவிடும். இம்மாற்றத்தைத் தாளில் செய்ய ஓர் அழிப்பான் போதும். அக்டோபரில் செய்ய நேர்ந்தால் ஆயிரக்கணக்கில் செலவு.

ஓலை வாசிப்பும் ஒரு வரிசையே

அதே அட்டையின் அடிப்பகுதியில் திருமண ஏற்பாடுகளையும் வரையலாம். ஆலயத்தில் ஓலை வாசிப்பது வழக்கமாக மூன்று ஞாயிற்றுக் கிழமைகளில். அவற்றைச் செப்டம்பர் முதல் எண்ணிய அதே அட்டையில் 14, 15, 16ஆம் வாரங்களில் வைத்தால், அதற்குமுன் மணமக்களின் திருமுழுக்குச் சான்றிதழ், திருமணத் தயாரிப்பு வகுப்புச் சான்றிதழ், பங்குத்தந்தையின் விசாரணை ஆகியவை நவம்பர் இறுதிக்குள் முடிந்திருக்க வேண்டும். மணமகளோ மணமகனோ தென்மாவட்டத்துக் கிராமத்தில் திருமுழுக்குப் பெற்றிருந்தால், சான்றிதழ் அங்கிருந்து வர வேண்டும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. பொதுவாக ஆறு மாதங்களுக்கு உட்பட்ட புதிய சான்றிதழே கேட்கப்படுகிறது. ஜனவரி நடுவில் திருமணமெனில், ஜூலை நடுவிற்கு முன் வாங்கி வைத்த சான்றிதழ் பயன்படாது. தாமதிப்பது மட்டுமன்று, மிக முந்துவதும் பிழையாகும் இடம் இது. பட்டைக்கு முடிவு இருப்பதுபோல் தொடக்கமும் இருப்பது இதற்காகவே. மேலும், பங்குத்தந்தை நாளையும் நேரத்தையும் உறுதி செய்யுமுன் அழைப்பிதழ் அச்சேறலாகாது. திருவருகைக் காலத்தில் ஆடம்பரத் திருமணங்களைத் தவிர்ப்பது நம் மரபு என்பதையும் மண்டபத்திற்கு முன்பணம் கட்டுமுன் நினைவிற்கொள்ள வேண்டும். பங்குக்குப் பங்கு நடைமுறை சற்றே மாறுபடும். ஆகவே தம் பங்குத்தந்தையைக் கேட்டு அட்டையை நிரப்புவது நன்று.

சனிக்கிழமைக் கூலி

ஏழாம் படியே மிகவும் எளியது. பெரும்பாலோர் கைவிடுவதும் அதுவே. ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும், திட்டமிட்ட பட்டைக்குக் கீழே உண்மையில் நடந்த அளவை வேறு வண்ணத்தால் வரைய வேண்டும். கேன்ட் வரைபடத்தின் உண்மையான பயன் அவ்விரு கோடுகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பதில்தான். முதல்நாள் வரைந்து, பின் தொடாமல் விட்ட அட்டை வெறும் சுவரலங்காரம். பின்தங்கியிருந்தால் மீதிப் பட்டைகளை நகர்த்தி வரைவதில் வெட்கமில்லை.

சனிக்கிழமை என்று நாம் சொல்வதற்கு மற்றொரு காரணமும் உண்டு. கட்டட வேலையில் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் வாரக்கூலி கொடுக்கும் நாள் அது. அட்டையின் கடைசி வரியில் ஒவ்வொரு வாரமும் தேவைப்படும் பணத்தை எழுதி வைத்தால், எந்தச் சனிக்கிழமை பெருந்தொகை வேண்டும் என்பது முன்பே தெரியும். தளம் போடும் வாரத்தில் ஆட்கள் அதிகம்; நீராற்றும் வாரத்தில் செலவு மிகக் குறைவு. கடன் தவணை எந்த வாரம் வந்தால் நலம் என்பதை வங்கியில் பேச அதுவே ஆதாரம்.

கூலியாளின் ஊதியத்தை விடியும்வரை வைத்திருக்கலாகாது என்று லேவியர் நூல் கட்டளையிடுகிறது. பிடித்து வைக்கப்பட்ட கூலி கூக்குரலிடும் என்று யாக்கோபு தம் திருமுகத்தில் எச்சரிக்கிறார். 1891ஆம் ஆண்டில் திருத்தந்தை 13ஆம் லியோ தம் சுற்றுமடலில் தொழிலாளியின் நியாயமான ஊதியத்திற்காகக் குரல் கொடுத்தார். இவற்றையெல்லாம் நாம் மறுப்பதில்லை. ஆனால் "இந்த வாரம் பணம் வரவில்லை, அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று நாம் சொல்லும்போது, அது கெட்ட எண்ணத்தால் அன்று, கணக்கிடாமையால் நேர்கிறது. பாதிக்கப்படுவதோ ஞாயிறன்று அடுப்பு மூட்ட வேண்டிய ஒரு சித்தாளின் குடும்பம்.

கால வரைபடம் மனிதரை விரட்டும் சாட்டை என்று சிலர் எண்ணுகின்றனர். ஆலைகளில் சில சமயம் அது அவ்வாறு பயன்பட்டிருக்கலாம். திருத்தந்தை 2ஆம் ஜான் பால் 1981ஆம் ஆண்டில் வெளியிட்ட சுற்றுமடலில் வலியுறுத்தியதுபோல், உழைப்பு மனிதனுக்காகவே அன்றி, மனிதன் உழைப்புக்காக அன்று. முறையாக வரைந்த அட்டை ஒருவரை விரட்டுவதைவிட, வீண் காத்திருப்பிலிருந்து பலரை விடுவிக்கிறது. குழாய் பதியாததால் திரும்பிப் போகும் பூச்சுக்காரருக்கு அன்றைய கூலி இல்லை. செங்கல் வராததால் வாசலில் அமர்ந்திருக்கும் சித்தாளுக்குப் பாதி நாள் வீண். அவர்களுடைய காலமும் இறைவன் தந்ததே. அதை நம் கவனக் குறைவால் செலவழிக்க நமக்கு உரிமை இல்லை.

ஆகவே, அடுத்த முறை இல்லத்தில் ஒரு பெருங்காரியம் எழும்போது, இரவு செபமாலை முடிந்தபின் குடும்பமாக அமர்ந்து ஓர் அட்டையை விரிப்போம். வேலைகளை எழுதுவோம், காலத்தைக் கேட்டறிவோம், யாருக்காக யார் காத்திருக்கிறார் என்று ஒவ்வொரு வரிக்கும் கேட்போம். பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளோ மகனோ கோடு வரையட்டும். அனுபவம் வாய்ந்த தாத்தா வாரங்களைத் திருத்தட்டும். பங்குப் பேரவையும் ஆலயத் திருவிழாவிற்கு இவ்வாறே ஓர் அட்டையைப் பங்கு மன்றச் சுவரில் ஒட்டலாம். கொடிமரம் முதல் தேர்ப்பவனி வரை யார் பொறுப்பு என்பது அனைவருக்கும் விளங்கும்.

எதிர்பாராத மழையையும் நோயையும் எந்த வரைபடமும் தடுத்துவிடாது. நாளைய நாள் ஆண்டவர் கையில் இருக்கிறது. இன்று அமர்ந்து கணக்குப் பார்க்கும் கடமையோ நம் கையில் இருக்கிறது. அக்கடமையை நிறைவேற்றிய பின், மற்றதை அவரிடம் ஒப்படைத்து அமைதியாக வேலையைத் தொடங்குவோமாக!